பேர் பதிவது யாருடைய கடமை?

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்ற சொல்லுக்கு நாட்கூலி என்றும் ஒரு பொருள் உண்டு. நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து கொடுத்தவருக்கு முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர். மலைக்குப் போகாத நாளில் பேரே இல்லை. ஆகவே, வாக்காளர் இடாப்பில் விடுபட்ட தன் பெயரைச் சேர்ப்பதற்காக ஒரு தொழிலாளி பிரதேச செயலகத்துக்குப் போய்வரும் நாளில், அங்கே ஒரு பெயரைப் பெறுவதற்காக இங்கே ஒரு பேரை இழக்கிறார். 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்த நாட்சம்பளத்தோடு பஸ் காசையும் போட்டோப்பிரதிச் செலவையும் கூட்டிப் பார்த்தால், பிறர் வீட்டு வாசலிலேயே இலவசமாகப் பெறுகின்ற ஒன்றுக்கு அவர் கொடுக்கும் விலை தெரியவரும். வாக்காளர் பதிவைச் சட்டத்தால் கட்டாயமாக்க வேண்டுமா என்ற கேள்வியை இந்தக் கணக்கிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். கட்டாயம் என்று சொன்னவுடன், அது யார் தலையில் விழும், அதன் செலவை யார் சுமப்பார் என்பவற்றையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இலங்கையின் மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்ற ஒரே தகுதியில் பன்னிரண்டு வயதிலிருந்தே அக்கம்பக்கத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் படிவத்தை விரித்து, பழுப்பேறிய பிறப்புப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு எழுதிய மாலைகள் பல. முதல் கேள்வியே சிக்கலாக இருக்கும்: இந்த வீட்டின் பிரதான குடியிருப்பாளர் யார்? காம்பரா, அதாவது லயத்து அறை, யார் பெயரில் கொடுக்கப்பட்டதோ அந்தத் தாத்தா எப்போதோ இறந்திருப்பார். அவருடைய மூத்த மகன் ஒரு பக்கமும், இளைய மகன் தகரம் அடித்து நீட்டிய பின்பக்கமுமாக அதே காம்பராவில் இரண்டு அடுப்புகள் எரியும். இளையவரின் குடும்பத்துக்கு வேறு படிவம் வேண்டுமா, அண்ணனின் படிவத்திலேயே எழுதிவிடலாமா என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளாத வருடமாக இருந்தால் தம்பியின் குடும்பம் எந்தப் படிவத்திலும் இருக்காது. அடுத்த சிக்கல் எழுத்து. பிறப்புப் பத்திரத்தில் லெட்சுமி, பழைய அடையாள அட்டையில் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட வேறோர் உச்சரிப்பு, பள்ளிக்கூட இடாப்பில் லக்சுமி என்று மூன்று பெயரோடு ஒரே பெண் இருப்பார். எதை எழுதினாலும் ஏதோ ஓர் அலுவலகத்தில் அது பிழையாகும் என்பது எங்கள் எல்லாருக்கும் அனுபவத்தால் தெரிந்திருந்தது.

இன்றைய சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கத் தேருநர் (வாக்காளர்) பதிவுச் சட்டத்தின்படி வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அதற்காகக் கிராம உத்தியோகத்தர் வழியாக வீடுகளுக்குப் படிவம் வருகிறது. அங்கே வழக்கமாகக் குடியிருக்கும் தகுதியுள்ளவர்களின் விபரங்களை பிரதான குடியிருப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். நீக்கப்படவுள்ள பெயர்களும் புதிதாகச் சேர்க்கப்படவுள்ள பெயர்களும் பின்னர் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. விடுபட்டவர் கோரிக்கை கொடுக்கலாம், மற்றவர் பெயருக்கு ஆட்சேபனையும் சொல்லலாம். 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, புதிதாகப் பதினெட்டு வயதை அடைகிறவர்கள் அடுத்த ஆண்டுத் திருத்தம் வரை காத்திராமல் துணைப் பட்டியல்கள் மூலம் சேர முடிகிறது. அரசியலமைப்பின் 88ஆம் உறுப்புரை தகுதியுள்ள ஒவ்வொருவரையும் தேருநராக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் உரிய இடாப்பில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்று அதே இடத்தில் ஒரு காப்பு வாசகத்தையும் வைத்திருக்கிறது. எனவே எங்கள் நாட்டில் பதிவு முற்றாக விருப்பத்துக்கு விடப்பட்டதும் அன்று, முற்றாகக் கட்டாயமானதும் அன்று. கடமை வீட்டுத் தலைவருக்கு, பலன் மற்றவர்களுக்கு, விடுபட்டால் அலைச்சல் விடுபட்டவருக்கு என்று மூன்று பேரிடம் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இதை விட்டு முழுமையான விருப்பப் பதிவுக்குப் போகலாம் என்பது முதல் தெரிவு. இந்தியாவில் பதிவு செய்யாதவருக்குத் தண்டனை இல்லை. பதினெட்டு நிரம்பியவர் ஆறாம் இலக்கப் படிவத்தை நிரப்பிக் கொடுத்துச் சேர்ந்துகொள்கிறார், அதற்கான தகுதித் திகதிகளும் இப்போது ஆண்டுக்கு நான்காக்கப்பட்டிருக்கின்றன. சுதந்திரத்தின் பேரில் இந்த முறையை ஆதரிப்பவர்களின் வாதத்தை நான் இலகுவாகத் தள்ளிவிட மாட்டேன். வாக்குரிமை ஓர் உரிமை. உரிமையைப் பயன்படுத்தாமல் இருப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும். அரசாங்கத்தின் பட்டியலில் தன் பெயரும் விலாசமும் இருக்கக் கூடாது என்று நினைக்க ஒருவருக்குக் காரணம் இருக்கலாம் என்பது அவர்களின் வாதம். ஆயினும் மலைநாட்டில் இந்த முறை எப்படி நடக்கும் என்று யோசித்துப் பார்த்தால், அட்டன் நகரத்துக் கடை முதலாளி ஒரு முற்பகலில் செய்து முடிப்பதை, ஐந்து மைல் தள்ளித் தோட்டத்து மேற்பிரிவில் இருப்பவர் இரண்டு நாள் பேரை இழந்து செய்ய வேண்டியிருக்கும். விருப்பம் என்பது இருவருக்கும் ஒன்றாக இருந்தாலும் அதன் விலை ஒன்றாக இருக்கப் போவதில்லை. விருப்பப் பதிவை நான் நிராகரிப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாவது தெரிவு, பதிவு செய்யும் கடமையைத் தனிமனிதர் மீதே சுமத்தி, தவறினால் தண்டப்பணம் விதிப்பது. அவுஸ்திரேலியா 1911இல் பெயர் பதிவதைக் கட்டாயமாக்கியது. வாக்களிப்பைக் கட்டாயமாக்கியது 1924இல்தான். நியூசிலாந்து அதே 1924இல் பதிவைக் கட்டாயமாக்கி, வாக்களிப்பை இன்றுவரை விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. எங்களுடைய விவாதங்களில் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடுவதால் நியூசிலாந்தின் உதாரணத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: இடாப்பில் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது, வாக்குச் சாவடிக்குப் போயே ஆக வேண்டும் என்று சொல்வதாகாது. பெயர் இருந்தால் தேர்தல் நாளன்று காலையில்கூட ஒருவர் மனம் மாறிப் போய் வாக்களிக்கலாம். பெயர் இல்லாதவருக்கு மனம் மாறியும் பயனில்லை. அவுஸ்திரேலியாவில் 1922இல் அறுபது வீதத்துக்குச் சற்றுக் கீழே இருந்த வாக்களிப்பு 1925இல் தொண்ணூற்றொரு வீதத்தைத் தாண்டியதை எடுத்துக்காட்டுவோர், அந்தப் பாய்ச்சல் வாக்களிப்பைக் கட்டாயமாக்கியதால் வந்தது என்பதையும், பதிவுக் கட்டாயம் அதற்கு முன்னரே பதின்மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த இரண்டு நாடுகளின் கதையில் மலைநாட்டு வாசகர் ஊன்றிப் பார்க்க வேண்டிய வேறொரு பக்கம் இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் 1911ஆம் ஆண்டுக் கட்டாயம் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு இல்லை. கூட்டாட்சித் தேர்தல்களில் அவர்கள் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது 1962இல்; அப்போதும் அவர்கள் விரும்பினால் பதியலாம் என்றே சட்டம் சொன்னது; மற்றவர்களைப் போல அவர்களும் பதிய வேண்டும் என்ற நிலை 1984இல்தான் வந்தது. நியூசிலாந்திலும் மாவோரி மக்களுக்குப் பதிவு கட்டாயமானது 1956இல், அதாவது மற்றவர்களுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. கட்டாயத்திலிருந்து ஒரு சமூகத்துக்கு விலக்களிக்கப்பட்டிருந்தால் அதைச் சலுகை என்று எடுத்துக்கொள்ளவா, நீங்கள் இந்த வீட்டு ஆட்கள் இல்லை என்ற அறிவித்தலாக எடுத்துக்கொள்ளவா என்பது எங்களுக்கு அந்நியமான கேள்வி இல்லை.

எங்கள் இடாப்பு வரலாற்றை இங்கே சுருக்கமாகவேனும் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை நடத்த முடியாது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தமிழர் தங்கள் நிரந்தரக் குடியிருப்பை நிரூபித்தே இடாப்பில் ஏற வேண்டியிருந்தது. அந்தத் தடையையும் தாண்டி ஏறியவர்களின் வாக்குகளால் 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு, எங்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதற்கடுத்த ஆண்டு, பிரஜைகள் மட்டுமே இடாப்பில் இருக்கலாம் என்று சொன்ன 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றேனும் எங்களுக்கு இருக்கவில்லை. கேகாலை மாவட்டத்தில் தன் பெயரை இடாப்பில் சேர்க்க மறுத்ததை எதிர்த்துக் கோடக்கன்பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு, திருத்த அதிகாரியிடம் வென்று, உயர் நீதிமன்றத்தில் தோற்று, 1953இல் இலண்டனிலிருந்த கோமறைக் கழகத்திலும் தோற்று முடிந்தது. உலகத்தின் மிக உயர்ந்த நீதி ஆசனங்களுள் ஒன்றின் முன்னால் ஒரு சமூகத்தின் தலைவிதி போய் நின்றது, ஓர் இடாப்பில் ஒரு பெயரை எழுதலாமா கூடாதா என்ற வடிவத்திலாகும். 1949இன் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் பிரஜாவுரிமைக்கு வேறொரு கதவைத் திறந்துவைத்தது என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் கதவு 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியோடு விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. திருமணமானவர் ஏழு ஆண்டுகளும் மற்றவர் பத்து ஆண்டுகளும் இடைவிடாமல் இந்த நாட்டில் வாழ்ந்ததைப் பத்திரங்களால் காட்ட வேண்டியிருந்தது. பிறப்பைக்கூடச் சரியாகப் பதியாத தோட்டங்களில் பத்திரம் எங்கே இருக்கும்? 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 1974இன் சிறிமா – இந்திரா ஒப்பந்தம், 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் என்று அது நீண்டு, நாடற்றவர் என்ற நிலை சட்டப்புத்தகத்திலிருந்து நீங்க ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இந்த வரலாறு கட்டாயப் பதிவுக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஒரே நேரத்தில் சாட்சி சொல்கிறது. மக்கள் அசட்டையாக இருந்ததால் எங்கள் பெயர் இடாப்பிலிருந்து போகவில்லை, சட்டத்தால் போனது. ஆதலால் பதியாத குடிமகனைத் தண்டிக்கும் சட்டம் எங்கள் நோய்க்கு மருந்தாகாது. மறுபக்கத்தில், ஒவ்வொரு பிரஜையின் பெயரும் இடாப்பில் இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லுமானால், ஒரு பெயரை விட்டுவிடுகிற அலுவலரும் அந்தச் சட்டத்தை மீறியவராகிறார். இன்று அவர் செய்வது வெறும் தவறு. தண்டப்பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிற விவாதங்களில் இந்த இரண்டாவது பக்கம் அடிபட்டுப் போகிறது.

தனிமனிதருக்குத் தண்டம் என்பதில் எனக்குள்ள தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. யுத்த காலத்தில் கொழும்பில் தங்கி வேலை பார்த்த எங்கள் பிள்ளைகள் பொலிஸ் பதிவு என்ற ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே நடமாடினார்கள். புறக்கோட்டைக் கடையில் சாக்கு மூட்டை தூக்கிய என் சித்தப்பா மகன், அந்தக் காகிதம் மழையில் நனைந்து மை கலைந்த ஓர் இரவை வெளியே வராமல் கடைக்குள்ளேயே கழித்தான். பெயரையும் விலாசத்தையும் கேட்கிற எந்தப் படிவத்தையும் அந்தத் தலைமுறை சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. 'பதியாவிட்டால் தண்டம்' என்ற வாசகத்தோடு ஒரு படிவம் லயத்துக்கு வருமானால், அதை வாக்குரிமை என்று வாசிப்பார்களா, வேறேதோ என்று வாசிப்பார்களா என்பதைக் கொழும்பிலிருந்து சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது தெரிவு, இப்போதுள்ள வீட்டுத் தலைவர் முறையையே வைத்துக்கொண்டு அதை இறுக்குவது. பிரித்தானியா நெடுங்காலம் இப்படித்தான் நடத்தி, 2014இல் தனிநபர் பதிவுக்கு மாறியது. ஒருவருடைய வாக்குரிமை இன்னொருவருடைய கையில் இருக்கக் கூடாது என்ற கொள்கை சரியானது. லயத்தில் மாமியார், 'மருமக பேரு அவுங்க அம்மா வீட்டுத் தோட்டத்திலயே இருக்கட்டும் தம்பி, இங்க எழுத வேணாம்' என்று சொல்லி, இரண்டு வருடங்கள் கழித்து அந்தத் தோட்டத்திலும் பெயர் வெட்டப்பட்டு, இங்கேயும் எழுதப்படாமல், அந்தப் பெண் எங்குமே இல்லாமல் போனதை நானே பார்த்திருக்கிறேன். எழுதாமல் விட்ட கை என்னுடையது. திருமணம் பதியப்படாமல் இருந்தால் இந்தச் சிக்கல் இன்னும் ஒரு முடிச்சு கூடிவிடும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிற பெண்தான் எங்கள் இடாப்பில் அதிகமாகத் தொலைகிறவர் என்பது என் அனுபவம்.

ஆயினும் வீட்டுத் தலைவர் முறையில் ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. அதைக் கொழும்பில்தான் கண்டுகொண்டேன். அங்கே நான் அறை எடுத்துத் தங்கிய வீட்டின் உரிமையாளர், வாடகைக்கு ஆள் வைத்திருப்பது வெளியே தெரிந்தால் வரி வரும், பிறகு எழுப்பவும் முடியாது என்ற பயத்தில், எங்கள் நான்கு பேரின் பெயரையும் படிவத்தில் எழுத மறுத்துவிட்டார். ஊரில், பிள்ளை கொழும்பில் இருக்கிறான் என்று சொல்லப்பட்டதால் என் பெயர் நீக்கப்பட்டிருந்தது. தேர்தலுக்கு முதல்நாள் இரவு அட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, காலையில் வரிசையில் நின்ற பிறகுதான் அது தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது எனக்கு எதிரான தண்டப்பணம் இல்லை. வீட்டுக்காரரிடம் காட்டுவதற்கு, 'இங்கே குடியிருப்பவர் எவரையும் மறைக்க முடியாது, மறைத்தால் நீங்கள்தான் நீதிமன்றம் போக வேண்டும்' என்று சொல்லும் ஒரு வாசகம். படிவத்தைச் சரியாகக் கொடுக்கும் கடமை சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. வாடகைக்கு விடுபவர், விடுதி நடத்துபவர், ஆட்களைக் கடையிலேயே தங்க வைக்கும் முதலாளி, வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை வைத்திருப்பவர் ஆகியோருக்கு அது உறைக்கும்படி நடைமுறையாக வேண்டும். பலவீனமானவருடைய கையில் பிடிமானமாக இருக்கும் இந்த வகைக் கட்டாயத்தை நான் வரவேற்கிறேன்.

நான்காவது தெரிவு, பதியும் கடமையை அரசே ஏற்பது. ஜேர்மனியிலும் சுவீடனிலும் குடிமக்கள் தேர்தலுக்கென்று தனியாகப் பதிவதில்லை. குடியிருப்போர் பதிவேட்டிலிருந்தே வாக்காளர் பட்டியல் எடுக்கப்படுகிறது. கனடா 1997 முதல் நிரந்தர இடாப்பொன்றை வைத்து, வேறு அரச திணைக்களங்களின் தரவுகளால் அதைப் புதுப்பித்துவருகிறது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலம் 2015இல் இயற்றிய சட்டத்தின் மூலம், சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு வருகிற தகுதியுள்ளவர்களைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறது, வேண்டாதவர் மறுத்துவிடலாம். எங்கள் நாட்டில் இதற்கான அத்திவாரம் இல்லாமல் இல்லை. 1968இன் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் ஆட்பதிவுத் திணைக்களம் அடையாள அட்டை எடுத்த ஒவ்வொரு பிரஜைக்கும் ஓர் இலக்கம் கொடுத்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்புகிற நாள் அந்த இலக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், அந்த நாளில் அந்தப் பெயர் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குத் தானாகப் போய்ச் சேர்வதில் இயந்திரச் சிக்கல் பெரிதாக இல்லை. அடையாள அட்டை கேட்டு ஒரு தடவை அலைந்த மனிதரிடம் வாக்குரிமைக்காக இரண்டாவது தடவையும் அலையச் சொல்வதற்கு நியாயமும் இல்லை.

ஆனால் இந்த முறை தோட்டத்தில் முட்டிக்கொள்ளும் இடம் விலாசம். பல தோட்டங்களில் லயத்துக்கு இலக்கம் உண்டு, காம்பராவுக்கு உண்டு, வீதிக்குப் பெயர் இல்லை. கடிதங்கள் தோட்டத்து ஆபீஸில் இறங்கி, கணக்கப்பிள்ளை வழியாகவோ, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் கூப்பிட்டோ கை மாறுகின்றன. ஒரே டிவிசனில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் வாக்காளர் அட்டை எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பது அதிர்ஷ்டம். அடையாள அட்டை எடுத்தபோது இருந்த விலாசம், திருமணத்துக்கும் வேலைக்கும் பிறகு மாறியிருந்தாலும் அட்டையில் மாறியிருக்காது. தவிர, பிறப்புப் பத்திரமே இல்லாததால் அடையாள அட்டை எடுக்காதவர் தானியங்கிப் பதிவிலும் இருக்க மாட்டார். பழைய வேலியை இடித்து அதே இடத்தில் கம்பி வேலி போட்ட கதையாகிவிடும். ஆகவே அரசின் பதிவு கணினியோடு முடிந்துவிடக் கூடாது. நடமாடும் சேவை தோட்டத்துக்கே வந்து, கொழுந்து நிறுக்கும் நேரம் முடிந்த பிறகோ ஞாயிற்றுக்கிழமையிலோ உட்கார்ந்து, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, இடாப்பு மூன்றையும் ஒரே மேசையில் முடித்துக் கொடுக்க வேண்டும். அப்படி வந்த இடங்களில் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக வரிசைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். எவரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்கிற எங்கள் பெண்களுக்கு அங்கிருந்து வாக்களிக்க வழி இல்லை. அந்த வழியைத் திறக்காமல் பதிவை மட்டும் தனிமனிதக் கடமையாக்கினால், அவர்களைக் குற்றவாளிகளாக்கலாமே ஒழிய வாக்காளர்களாக்க முடியாது.

இடாப்பில் ஒரு பெயர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதற்கு, வாக்களிப்பதற்கு அப்பாலும் விளைவு உண்டு. அரசியலமைப்பின் 98ஆம் உறுப்புரையின்படி, மாகாணத்துக்கு நான்காகப் பிரிக்கப்படும் 36 ஆசனங்கள் போக, மீதி 160 ஆசனங்கள் ஒவ்வொரு தேர்தல் மாவட்டத்திலும் பதியப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்பவே பங்கிடப்படுகின்றன. அதாவது ஆசனங்களைத் தீர்மானிக்கும் கணக்கில் பிள்ளைகளும் இல்லை, பதியாத பெரியவர்களும் இல்லை. 2024 பாராளுமன்றத் தேர்தலில் நுவரெலியாவுக்கு எட்டு, பதுளைக்கு ஒன்பது, கண்டிக்குப் பன்னிரண்டு, மாத்தளைக்கு ஐந்து என்று வந்தது இந்தக் கணக்கில்தான். கொழும்பில் வேலை பார்க்கும் மலையக இளைஞர்கள் ஊரில் பதிந்திருந்தால் ஒரு கணக்கு, கொழும்பில் பதிந்தால் இன்னொரு கணக்கு, இரண்டிலும் விடுபட்டால் மூன்றாவது கணக்கு. முதல் இரண்டில் எது நல்லது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஊரில் பெயர் இருந்தால்தான் எங்கள் பிரதிநிதித்துவம் நிலைக்கும் என்று தொழிற்சங்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். வருடத்தில் முந்நூறு நாள் கொழும்பில் வாழ்கிறவன் அங்கேயுள்ள குப்பைக்கும் தண்ணீருக்கும் கேள்வி கேட்கக்கூடியவனாக இருக்க வேண்டும் என்று இளையவர்கள் சொல்வார்கள். 'வழக்கமான வதிவிடம்' என்ற சட்டத்தின் சொல்லுக்கு இரு தரப்பும் தம் பொருளைக் கொடுக்கலாம். தற்காலிகமாக வெளியே இருப்பவர் வதிவிடத்தை இழந்தவராக மாட்டார் என்பதால் முடிவை அந்த இளைஞரிடமே விட்டுவிடுவது முறை. மூன்றாவது கணக்கை மட்டும் எவரும் விரும்ப முடியாது. ஆனால் இன்றைய முறை அதிகமாக உண்டாக்குவது அதையே.

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்த பின், சட்டத்தால் கட்டாயமாக்கலாம் என்ற பக்கமே என் தீர்ப்பு சாய்கிறது. ஆனால் கட்டாயம் மேலிருந்து தொடங்க வேண்டும். பதினெட்டு வயதான ஒவ்வொரு பிரஜையையும் இடாப்பில் ஏற்றும் கடமை தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கும் ஆட்பதிவுத் திணைக்களத்துக்கும் உரியதாக வேண்டும். தம் கூரையின் கீழ் குடியிருப்பவரை மறைக்காமலிருக்கும் கடமை வீட்டுத் தலைவருக்கும் வாடகைக்கு விடுபவருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் உரியது. அதை மீறினால் தண்டம் இருக்கலாம். தனிமனிதருக்குரிய கடமை, கேட்டால் சரியான விபரத்தைச் சொல்வது மட்டுமே. நியூசிலாந்தில்கூட முதல் தடவை பதியத் தவறியவருக்குரிய தண்டம் 100 டொலருக்கு மேற்படாது. எங்களுடைய தொழிலாளிக்கு அந்த அளவுத் தண்டமும் பல நாள் பேருக்குச் சமம் என்பதால், அது இல்லாமலிருப்பதே மேல்.

வாக்களிப்பைக் கட்டாயமாக்குவதை இதோடு கட்டிவிடக் கூடாது என்பதற்குச் சிலியின் கதை போதும். அங்கே முன்பு பதிவு விருப்பம், பதிந்தவருக்கு வாக்களிப்புக் கட்டாயம் என்று இருந்தது. விளைவாக இளைஞர்கள் பதிவதையே தவிர்த்தார்கள். 2012இல் பதிவைத் தானியங்கியாக்கி வாக்களிப்பை விருப்பத்துக்கு விட்டபோது இடாப்பு சுமார் 80 இலட்சத்திலிருந்து 130 இலட்சத்துக்கு மேல் பெருகியது, ஆனால் அவ்வாண்டு உள்ளூராட்சித் தேர்தலில் பாதிக்கும் குறைவானவர்களே வாக்களித்தனர். பத்தாண்டுகள் கழித்து வாக்களிப்பை மீண்டும் கட்டாயமாக்கினார்கள். அவர்களுடைய சிக்கல் சாவடிக்கு வராத மக்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் பதிந்தவர்களுள் ஏறக்குறைய எண்பது வீதத்தினர் வாக்களித்த எங்கள் நாட்டில் அந்தச் சிக்கல் அவ்வளவு பெரிதில்லை. மலைநாட்டில், பெயர் இருந்தால் கொழும்பிலிருந்து இரவோடிரவாகப் பஸ் ஏறி வருகிறவர்கள் நாங்கள்.

திருத்தச் சட்டமொன்று வருமானால் அதில் ஒரு வாசகத்தையாவது சேர்க்க வேண்டும் என்று நான் கேட்பேன். ஒரு பெயரை நீக்குவதற்கு முன்னால், அந்தப் பெயருக்குரியவருக்கு, அவருக்குப் புரிகிற மொழியில், ஏன் நீக்கப்படுகிறது என்பதை எழுத்தில் அறிவித்து, அந்தக் கடிதம் தோட்டத்து ஆபீஸ் மேசையில் கிடக்காமல் அவர் கையில் சேர்ந்ததை உறுதிசெய்த பிறகே பேனையை எடுக்க வேண்டும். பெயரைச் சேர்ப்பதற்கு எங்களிடம் எத்தனை பத்திரம் கேட்கிறார்களோ, அதை வெட்டுவதற்கு அவர்களிடமும் ஒரு பத்திரமாவது இருக்கட்டும்.